சுட்டால் உட்கார வேண்டும்

ஜனவரி 11, வியாழன்

காலை 5.30க்கு எழுந்தேன். பூந்தி எழவில்லை.

நேற்று மாலைதான் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி சுகிர்தாவுக்கு அங்கே வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை திங்களன்று நல்லபடியாக முடிந்தது. இன்னும் ஆறு வாரம் அங்கேயே தன் தங்கை வீட்டில் இருந்து நடைப்பயிற்சி எடுக்க வேண்டும். நானும் கூட இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஓய்வுபெற்ற நர்ஸான என் கொழுந்தியாள் மெர்லின், "அத்தான், நீங்க ஊருக்குப் போங்க. வார்டுல நர்ஸுப் பிள்ளைகளை வரிசையில நிக்க வைக்கிறீங்களாம். எங்கிட்ட புகார் வந்திருக்கு" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள். வரிசையில் நிற்கச் சொன்னது உண்மை. மருந்து வண்டி போக வழியில்லாமல் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என் பொறுப்பு இந்த நாய். ஸ்பேனியல், பறவை வேட்டைக்குப் பழக்கும் இனம். தரையைத் தொடும் காது, வெள்ளை உடம்பு முழுக்கப் பழுப்புப் புள்ளி. அதனால் சுகிர்தா பூந்தி என்று பேர் வைத்தாள். முப்பத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் தெருவில் நின்று "பூந்தி! பூந்தி!" என்று கத்த வேண்டியிருக்கிறது. இன்று ஒரு அம்மாள் கதவைத் திறந்து கால் கிலோ கேட்டார்.

பிப்ரவரி 17 அன்று பூந்திக்குக் களத் தேர்வு. குன்னூர் வயலட் அம்மா இந்த நாயைக் குட்டியாகக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை அது. மூன்று வயது முடிவதற்குள் தேற வேண்டும், இல்லையென்றால் நாய் அவரிடமே திரும்பிப் போய்விடும். தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான். போன வருடம் மழையில் பாதியிலேயே நின்றுவிட்டது என்று சுகிர்தா சொன்னாள். மார்ச்சில் பூந்திக்கு மூன்று வயது. ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு.

நாய் திரும்பிப் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. சோபாவில் முடி குறையும். ஆனால் என் கையில் பயிற்சி பெறும் ஆள் ஒரு போட்டியில் தோற்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஜனவரி 13, சனி

தேர்வு நடத்தும் நாய்க் கழகத்தின் விதிமுறைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். வேட்டை எப்போதோ தடை செய்யப்பட்டுவிட்டதால் பறவை கிடையாது. கான்வாஸில் தைத்துப் பஞ்சு அடைத்த உருளை ஒன்றுதான், அதற்கு டம்மி என்று பேர். நாய் நமக்கு முன்னால் புதருக்குள் இடமும் வலமுமாகத் தேடிக்கொண்டே போக வேண்டும். திடீரென்று ஒருவர் வெற்றுத் துப்பாக்கியைச் சுடுவார், இன்னொருவர் டம்மியை வீசுவார். சத்தம் கேட்டதும் நாய் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். போ என்று சொன்ன பிறகுதான் போய் எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். சங்கிலி கூடாது, பிஸ்கட் கூடாது. நடுவர் முடிந்தது என்று சொல்லும்வரை நாயைத் தொடவும் கூடாது.

விதி என்றால் இப்படி இருக்க வேண்டும். படிக்கவே நிறைவாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள புல்வெளியில் முதல் பயிற்சி. பூந்தி நன்றாகத்தான் தேடுகிறாள். ஆனால் இருபது அடி போனதும் நின்று, திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் நடந்து பக்கத்தில் போன பிறகே அடுத்த இருபது அடி. எட்டாம் வகுப்பு சி பிரிவில்கூட இப்படி ஒரு சோம்பேறியைப் பார்த்ததில்லை. விசிலை நீளமாக ஊதினேன். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் என்று நினைத்தார்களாம். மேஸ்திரி மேலே வந்து பேசிவிட்டுப் போனார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் விடுமுறை. பூந்திக்கு அது தெரியாது. பயிற்சி உண்டு.

ஜனவரி 18, வியாழன்

இன்று துப்பாக்கிப் பயிற்சி. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்க நான் பயன்படுத்திய பழைய துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கினேன். முப்பத்திரண்டு விளையாட்டு விழாக்களைப் பார்த்தது. நானே எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்து போஜனைச் சுடச் சொன்னேன். அவர் கேரட் அறுவடையை விட்டுவிட்டு ஆசையாக வந்தார். சுட்டார். பூந்தி அந்த நொடியே உட்கார்ந்துவிட்டாள். அழகாக, நேராக, மூக்கை நிமிர்த்தி. நான்தான் உட்காரவில்லை. எனக்கே தெரியாமல் நான்கு அடி ஓடிவிட்டிருந்தேன். நான் ஓடுவதைப் பார்த்து அவளும் எழுந்து ஓடினாள்.

"மாஸ்டரே, நாய் சரியாத்தான் இருக்குது. நீங்கதான் ஃபவுல்" என்றார் போஜன்.

மறுபடியும் சுட்டார். மறுபடியும் ஓடினேன். சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் கற்றுக்கொண்டார்களோ, என் வலது கால் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 20, சனி

புதிய சிக்கல். டம்மியைக் கவ்வி ஓடி வருகிறாள். எனக்கு ஐந்தடி முன்னால் நின்றுவிடுகிறாள். கையை நீட்டினால் சுற்றிச் சுற்றி வருகிறாளே தவிர, கொடுப்பதில்லை. ஆணையிட்டேன், அதட்டினேன். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கெஞ்சினேன். இருபத்தாறு சுற்று சுற்றினாள். இருபத்தேழாவது சுற்றில் டம்மியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டாள்.

மதியம் ரசம், அப்பளம். அப்பளம் கருகிவிட்டது. அதை மட்டும் கையிலிருந்து ஒழுங்காக வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 22, திங்கள்

சுகிர்தா பேசினாள். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடந்தாளாம்.

"பூந்தி எப்படிங்க இருக்கா?"

"அருமையா இருக்கா."

"டம்மியக் கொண்டாந்து கையில குடுக்கிறாளா?"

"குடுக்கிறா."

"நின்னுக்கிட்டே வாங்குறீங்களா?" என்று கேட்டாள். இது என்ன கேள்வி. தலைகீழாகவா வாங்குவார்கள்? "ஆமா" என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். அவள் அப்ப சரி என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இன்று அது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரி 25, வியாழன்

வயலட் அம்மா முன்னறிவிப்பு இல்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். எழுபது வயது. எட்டு ஸ்பேனியல்களோடு தனியாக வாழ்கிறார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்வதற்கு முன்னால் பூந்தியின் காதைப் புரட்டி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்.

புல்வெளியில் செய்து காட்டினேன். பூந்தி வழக்கம்போல டம்மியோடு என்னைச் சுற்ற ஆரம்பித்தாள். வயலட் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்டூல் எங்க மாஸ்டர்?"

"எந்த ஸ்டூல்?"

"சுகிர்தா கொண்டு வருவாளே, மடக்கு ஸ்டூல். அவ உக்காந்துதான் வாங்குவா. இவளுக்கு உக்காந்திருக்கிற ஆளுகிட்ட குடுக்கத்தான் தெரியும்."

அந்த ஸ்டூல் கொல்லையில் கிடக்கிறது. பீன்ஸ் உரிக்க வாங்கினாள் என்று நினைத்திருந்தேன். ஏன் உட்கார்ந்து வாங்குகிறாள் என்று கேட்டேன். வயலட் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்னா? முட்டி வலிக்குதுன்னுதான். இருபது அடிக்கு ஒரு தரம் நின்னு மூச்சு வாங்குவா. நாயும் நின்னு அவளுக்காகக் காத்திருக்கும். அதான் இவ இப்படி நிக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றேன்.

"போன வருஷம் தேர்வுல தரையில உக்காந்து வாங்கினா. நல்லாத்தான் வாங்கினா. அப்புறம் எழுந்திருக்க முடியல. ரெண்டு பேர் தூக்கிவிட்டோம். அத்தோட விலகிட்டா. அதுவாவது தெரியுமா?"

"மழைன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு" என்றார் அவர்.

போகும்போது ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "பதினேழாம் தேதி கூண்டு கொண்டு வருவேன். தேறலைன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் கெஞ்சக் கூடாது" என்றார்.

நான் கவனிக்காமல் இல்லை. அவள் மெதுவாக நடப்பது தெரியும். மெதுவாக நடப்பது அவள் சுபாவம் என்று இருந்துவிட்டேன். முட்டி வலி என்று எனக்குத் தெரிந்ததே டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன பிறகுதான். ஒரே வீட்டில் இருக்கும்போது ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொள்ள முடியுமா என்ன?

ஜனவரி 26, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றத்துக்கு அழைத்திருந்தார்கள். போகவில்லை.

ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். உட்கார்ந்து டம்மியை வீசினேன். பூந்தி போய் எடுத்து வந்தாள். ஐந்தடியில் நிற்கவில்லை. நேராக வந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு என் வலது முழங்கால் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் வேலையின் கடைசிப் பகுதி அதுதான் போலிருக்கிறது.

கீழே ரோட்டில் சர்ச்சுக்குப் போகும் வளைவு தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஏற்றத்தில் நான் முன்னால் போய் நின்று, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "வா வா, முதல் பாட்டு முடிஞ்சிரும்" என்று சத்தம் போடுவேன். அவள் சிரித்துக்கொண்டே வருவாள். அது சிரிப்பா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என் மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது. ஒரு பையன் நொண்டினால் மைதானத்தின் மறு கோடியிலிருந்து கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசியவன் நான். இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

சுகிர்தாவிடம் கேட்டுவிட்டேன். "முட்டி வலி எத்தனை நாளா இருந்துச்சு?"

"நாலு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா காலையில எழுப்பி ஸ்கிப்பிங் ஆடச் சொல்லுவீங்க."

கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். கயிறும் நானே வாங்கி வந்திருப்பேன்.

"வயலட் வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"வந்தாங்க."

"அதான் பாத்தேன்" என்றாள். பிறகு, "கோவமா?" என்றாள்.

எனக்கு எதுக்குக் கோபம்? கோபப்பட வேண்டியவள் அவள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

பிப்ரவரி 3, சனி

தேர்வில் ஸ்டூலுக்கு அனுமதி இல்லை. ஆனால் மண்டியிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மண்டியிட்டால் பூந்தி கொடுக்கிறாள். அந்தச் சிக்கல் தீர்ந்தது. மிச்சம் இருப்பது என் கால்.

போஜன் ஒரு வழி சொன்னார். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு உருளைக்கிழங்கை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சுடும்போது கிழங்கு விழாவிட்டால் கால் நகரவில்லை என்று பொருள். அவர் தோட்டத்திலிருந்தே நல்ல உருண்டையாகப் பன்னிரண்டு கிழங்கு கொண்டுவந்தார்.

பன்னிரண்டு முறை சுட்டார். பதினோரு கிழங்கு விழுந்தது. பூந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, நான் மண்டியிட்டதும் கையில் கொடுத்தாள். ஒன்றில்கூடப் பல் பதியவில்லை. பன்னிரண்டாவது தடவை கிழங்கு விழாததற்குக் காரணம் துப்பாக்கி வெடிக்காததுதான்.

கொழுந்துப் பெண்கள் மேலே ஏறி வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த முறை மேஸ்திரியும் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று கிழங்கு விழவில்லை. மூன்று முறை.

பிப்ரவரி 12, திங்கள்

குளிர் அதிகம். பூந்திக்குக் கம்பளி ஒன்று வாங்கினேன். திரும்பிப் போகப் போகிற நாய்க்கு எதற்குக் கம்பளி என்று போஜன் கேட்டார். அவர் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

பயிற்சி இல்லை. வராந்தா வெயிலில் உட்கார்ந்து காதிலும் வாலிலும் ஒட்டியிருந்த முள்ளை ஒரு மணி நேரம் சீவி எடுத்தேன். அவள் தூங்கிவிட்டாள். நான் எழவில்லை, எழுந்தால் விழித்துவிடுவாள். திடீரென்று தூறல் வந்து கொடியில் துணி நனைந்தது. நனையட்டும் என்று விட்டேன்.

ஒன்று எழுத வேண்டும். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பிப்ரவரி 17, சனி

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐந்து நாய்கள். நடுவர் பெல்லியப்பா, குடகுக்காரர், ராணுவத்தில் இருந்தவர், சிரிப்பதில்லை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஜீப்பின் பின்னால் வயலட் அம்மாவின் கூண்டு கதவு திறந்தபடி இருந்தது. பூந்தி அதை முகர்ந்துவிட்டு என் பூட்ஸ் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

மூன்றாவதாக எங்களைக் கூப்பிட்டார்கள். சங்கிலியைக் கழற்றினேன். பூந்தி புதருக்குள் நுழைந்தாள். இடம், வலம், இடம். இருபது அடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மதிப்பெண் போய்விட்டது என்று நினைத்தபடியே அவள் பக்கம் நடந்தேன். நடுவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "தூரம் போகாம ஆளோட சேந்து வேலை செய்யுது. இப்படி எல்லாருக்கும் அமையாது" என்றார். சுகிர்தாவின் முழங்காலுக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

துப்பாக்கி வெடித்தது. பூந்தி உட்கார்ந்தாள். நான் நின்றேன். ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பக்கத்தில் ஒரு இளைஞர், சத்தத்துக்கு ஓடிவிட்ட தன் நாயைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். போ என்றேன். எடுத்து வந்தாள். மண்டியிட்டேன், கொடுத்தாள்.

அடுத்தது அமைதிச் சோதனை. டம்மி அவள் மூக்குக்கு முன்னால் எட்டடியில் விழுந்தது. ஆனால் எடுக்க வேண்டியது வேறொரு நாய். பூந்தி பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். உடம்பு முழுக்க நடுங்கியது, முன்னங்கால் இரண்டும் மண்ணைப் பிறாண்டின. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எனக்கும் ஏறக்குறைய அதே நிலைதான்.

கடைசி டம்மி சரிவில், முள் அடர்ந்த உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தது. முதலில் அனுப்பிய நாய் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. பூந்தியை அனுப்பச் சொன்னார்கள். உள்ளே போனாள். காணவில்லை. விசில் ஊதினால் மதிப்பெண் போகும். ஊதவில்லை. நான்கு நிமிடம் பத்து நொடி. புதர் எங்கேயோ அசைந்தது, நின்றது. ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். தேர்வாவது மண்ணாவது, வந்தால் போதும் என்று இருந்தது.

வந்தாள். ஒரு காது கிழிந்து ரத்தம். வாயில் டம்மி. மேட்டில் ஏறி நேராக என்னிடம் வந்தாள். மண்டியிட்டேன். கையில் வைத்தாள்.

அடுத்து நான் செய்ய வேண்டியது, எழுந்து நின்று, நடுவர் முடிந்தது என்று சொல்வதைக் கேட்பது. அதிகமாகப் போனால் இரண்டு நொடி.

நான் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முகத்தை அந்தக் கிழிந்த காதில் வைத்துக்கொண்டேன். அழுதேன் என்று வயலட் அம்மா சொல்கிறார். இருக்கலாம்.

"சார்" என்றார் நடுவர். "சார், கைய எடுங்க." எடுக்கவில்லை. "நாயைத் தொட்டாச்சு. எழுதித்தான் ஆகணும்" என்றார். "எழுதுங்க. தப்பு எம்மேலதான்" என்றேன். கோடு தாண்டிய எத்தனையோ பிள்ளைகளை நான் இதே மாதிரி வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார்கள் என்று இதற்கு முன் நினைத்ததில்லை.

ஜீப் பக்கம் போனோம். வயலட் அம்மா கூண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நிபந்தனை என்ன மாஸ்டர்?"

"தேறணும்."

"தேறுச்சா?"

"தேறல."

"அப்ப?"

"சுகிர்தாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். அது பாதி உண்மைதான். "எனக்கு வேணும்மா. கூட்டிட்டுப் போகாதீங்க" என்றேன். யாரிடமும் இப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவர் கூண்டின் கதவை டப்பென்று சாத்தினார். "இதுக்கு முன்னாடி ஒருத்தருக்குக் குட்டி குடுத்தேன். ஷோவுக்கு வெச்சிருந்தார், வருஷம் பூரா போர்ட்டிகோவுல கட்டிக் கிடந்துச்சு. அதுல இருந்துதான் நிபந்தனை போடுறேன். நாய் எப்படிப்பட்ட கையில இருக்குன்னு எனக்குத் தெரியணும். இன்னைக்கு ஊரே பாத்துச்சு. போங்க, முதல்ல காதுக்கு மருந்து போடுங்க."

ரோடு வரைக்கும் பூந்தியைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். அவளால் நடக்க முடியும்தான். பதினாறு கிலோ இருப்பாள்.

பிப்ரவரி 24, சனி

சுகிர்தா வந்துவிட்டாள். மெர்லின் காரில் கொண்டுவந்து விட்டாள். வீட்டுக்கு ஏறும் ஒன்பது படியையும் ஊன்றுகோலோடு தானே ஏறினாள். நான் பக்கத்திலேயே வந்தேன். வாயைத் திறக்கவில்லை. பூந்தி வரவேற்ற விதத்தை எழுத முடியாது, ஒரு பூச்சட்டி போய்விட்டது.

மெர்லின் கிளம்பிய பிறகு காபி போட்டுக் கொடுத்தேன். சுகிர்தா இரண்டு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வயலட் எல்லாம் சொன்னாங்க. அத்தன பேரு முன்னாடியும் கட்டிப் பிடிச்சீங்களாமே."

"ஆமா."

"மாநிலப் போட்டியில தங்கம் வாங்கின பிள்ளையையே கை குலுக்கி அனுப்பினவரு நீங்க."

"ஆமா."

காபியைக் கீழே வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போகும்போதும் கைதான் குலுக்கினீங்க."

உண்மைதான். குலுக்கிவிட்டு ஆல் தி பெஸ்ட் என்றும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாத்தினேன். மெதுவாக எழுப்பி நிறுத்தினேன். புது முழங்காலில் இடித்துவிடக் கூடாதே என்று எந்தப் பக்கம் நிற்பது, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன். பூந்தி நடுவில் வந்து நுழையப் பார்த்தாள். உட்கார் என்றேன், உட்கார்ந்தாள்.

"மூச்சு முட்டுது, விடுங்க" என்றாள் சுகிர்தா.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டேன்.